சிடுசிடு மேடம்

இளசுகளின் தலை தெரியாவிட்டால் ஆண்டு முடிவில் நூலகத்தை மூடிவிடுவோம் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். நூலகரோ பாதி ஆயுளை அந்த அலமாரிகளுக்கு நடுவே கழித்தவள். இலவச வைஃபை போட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் கல்லூரியில் படிக்கும் மகளிடம் கெஞ்சினாள்.

"புக்கைப் பத்தி நான் பேசுறேன். நீ வீடியோ எடுத்துப் போடுடி."

மகள் எடுத்தாள். ஒரு நாவலைப் பற்றி அம்மா உருகி உருகிப் பேசியதை ஈ காக்கைகூடச் சீண்டவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே, செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்ட பெரியவரை அம்மா வாங்கு வாங்கென்று வாங்கியதைத் தனியாக வெட்டி, 'சிடுசிடு மேடம்' என்று பெயர் சூட்டிப் போட்டாள். ஊரே பார்த்தது.

அதன்பிறகு உட்கார நாற்காலி கிடைப்பதில்லை. ஒருவன் சத்தமாகப் பாட்டுப் போடுவான். ஒருத்தி புத்தகத்தின் மேல் ஜூஸ் பாட்டிலை வைப்பாள். எதிரே கைபேசிகள் தயாராக இருக்கும். நூலகர் திட்டினால் கைதட்டல். திட்டாவிட்டால், "என்ன மேடம், இன்னிக்கு மூட் இல்லையா?" என்று நக்கல். மேலதிகாரிக்கோ வாயெல்லாம் பல். "இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்கம்மா" என்றார். அவளும் திட்டினாள். நூலகத்தைப் பூட்டிவிட்டால் மானம் மரியாதையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

ஒரு மாலை, கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மேசை அருகே வந்தாள். "மேடம், நான் இதுவரைக்கும் ஒரு புக்கைக்கூட முழுசாப் படிச்சதில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று நூலகர் ஏங்கிக் கிடந்த கேள்வி. ஆனால் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இதுவும் கூத்துதான் என்று அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யார்கிட்டடி விளையாடுற? படிக்கிற மூஞ்சியா இது?"

கூடமே ஆர்ப்பரித்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நிஜமாத்தான் மேடம் கேட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு விடுவிடுவென்று வெளியேறினாள். நூலகர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். வாசலில் ஒருவன் கைபேசியோடு குறுக்கே வந்தான்.

"சூப்பர் மேடம்! இன்னொரு தடவை ஓடி வாங்க, நான் சரியா எடுக்கல."

அவனைத் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

மறுநாள் மேலதிகாரி போன் செய்தார். "நூலகத்தை மூடல, முடிவாயிடுச்சும்மா. 'படிக்கிற மூஞ்சியா இது?' செம ஹிட்! இளைஞர்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதையே வாசல்ல பெரிசா எழுதி வச்சிடலாம். என்ன சொல்றீங்க?"

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சரிங்க சார்" என்றாள்.