வெளிச்சம் பின்னால் போனபோது

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தண்டர் பே அரங்கின் ஒப்பனை அறையில் உட்கார்ந்து, அக்கா மார்லிஸின் சலங்கை உடையில் தளர்ந்துபோன தகரக் கூம்புகளை இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தேன். புகையிலை டப்பா மூடிகளைச் சுருட்டிச் செய்தவை. மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து.

அரங்கைப் பெருக்கித் துடைக்கும் வெர்னிஸ் அத்தை உள்ளே வந்தார். கையில் சிவப்புத் துணியில் கட்டிய சின்னப் புகையிலைப் பொட்டலம்.

"வினிபெக் ஆஸ்பத்திரில என் மகளுக்கு ரெண்டு மணிக்கு நெஞ்சத் திறக்கிறாங்க. எட்டு மணி நேர ரோடு. எங்கிட்ட கார் இல்ல, பொண்ணே. உன் காலுதான் இருக்கு."

அக்கா எழுந்து, எங்கள் முறைப்படி இதயத்தின் பக்கமுள்ள இடது கையால் பொட்டலத்தை வாங்கினாள்.

"பேரு என்ன அத்தை?"

"லொரேன்."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் பழங்குடி வழக்கத்தில், புகையிலையை வாங்கியாயிற்று என்றால் அந்த ஆட்டம் லொரேனுக்கு, அவள் குணமாக. நோயாளிக்காக ஆடும்போது எங்கள் பெண்கள் பின்னால் ஓர் அடிகூட வைக்க மாட்டார்கள்.

அக்காவின் தனி ஆட்டமோ பின்னால் போய்த்தான் முடிகிறது. நிகழ்ச்சியை நடத்தும் கோரீன் அப்படி அமைத்திருந்தாள். அரசாங்கம் எங்கள் ஆட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த காலத்தைக் காட்ட, பதினோரு அடி பின்வாங்கி இருட்டுக்குள் மறைய வேண்டும். ஒத்திகையில் அக்கா அதை அழகாகவே செய்தாள். அது நாடகம் என்று அவளுக்குத் தெரியும். இப்போது நாடகம் இல்லை.

கோரீனிடம் போய்ச் சொன்னாள். கோரீன் கிரீ என்ற இன்னொரு பழங்குடி இனத்துப் பெண்; புகையிலை வாங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். பொட்டலத்தைப் பார்த்ததுமே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் வாங்கணுமா நீ?"

"நாள் பாத்து வாங்கற சாமானா இது?"

"விளக்கு பூரா கணக்குப் போட்டு வச்சிருக்கேன், மார்லிஸ். அது பின்னாலதான் போகும். நீ முன்னால போனா உன் மூக்குகூடத் தெரியாது. பின்னால போக முடியாதுன்னா சொல்லு, உனக்குப் பதிலா டீனாவ ஆடச் சொல்றேன்."

இந்த நாலு நிமிட ஆட்டத்துக்காக, பகலில் ஒத்திகைக்கு வர, அக்கா ஏழு மாதம் மீன் ஆலையில் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டவள்.

"தெரியலேன்னா பரவால்ல," என்றாள். "கேக்கும்ல? ஆட மட்டும் விடு."

கோரீன் விளக்குப் பலகைப் பக்கம் போனாள். டீனாவைக் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் அரங்கை நிறைத்திருந்தார்கள். நான் பின்வரிசைக்குப் பின்னால், விளக்குகளை இயக்கும் கோரீன் பக்கத்தில் நின்றேன். அக்கா வந்தாள். கழுகு இறகு விசிறி இடுப்பில், பாதங்கள் தரையை விட்டு எழும்பாமலே நகர்ந்தன. முரசு ஓங்கி அடித்த இடங்களில் விசிறி உயர்ந்தது. உடை முழுவதும் மழை பெய்வது போல் ஒலித்தது.

கடைசிப் பகுதி வந்ததும் வெளிச்சம் பின்னால் நகர்ந்தது. அக்கா நகரவில்லை. முன்னால் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. அவள் தோள் மறைந்தது, விசிறி மறைந்தது. தூரத்தில் ஒரு வெற்று வெளிச்ச வட்டம் மட்டும் கிடந்தது. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான்.

கோரீனின் விரல் பொத்தான்மேல் நின்றது. அக்காமேல் விளக்கைத் திருப்ப ஒரு நொடி போதும். அவள் திருப்பவில்லை. அந்த வெற்று வட்டத்தையும் அணைத்தாள்.

சிரித்த பையன் அடங்கிவிட்டான். முழு இருட்டில் முந்நூற்று அறுபத்தைந்து கூம்புகள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. முரசின் கடைசி அடியோடு எல்லாம் ஒன்றாக நின்றன. ஒரு கூம்புகூடப் பிந்தவில்லை. கதவோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது அத்தை என்று எனக்குத் தெரியும்.

காட்சி முடிந்ததும் கோரீன் ஒப்பனை அறைக்கு ஓடி வந்தாள்.

"நாளைக்கும் இதையே ஆடு. இதான் சரியான முடிவு."

"நாளைக்கு நீ சொல்லிக்குடுத்த மாதிரி பின்னால போறேன்," என்றாள் அக்கா. "இன்னிக்கு ஆடினது லொரேனோடது. அதுக்கு டிக்கெட் போடக் கூடாது."

"உன்ன மாதிரி பிடிவாதக்காரிய வச்சு எவ ஆட்டம் அமைப்பா," என்று சொல்லி, கோரீன் தன் தேநீரை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்கா உடையைக் கழற்றவில்லை. அத்தையின் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். மூச்சு விடும்போதெல்லாம் கூம்புகள் லேசாக உரசின. இரவு பத்து மணிக்கு அத்தையின் போன் அடித்தது. காதில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"கண்ண முழிச்சுத் தண்ணி கேட்டாளாம்," என்றார்.

அக்கா என் பக்கம் முதுகைத் திருப்பினாள்.

"இப்ப ஜிப்ப இறக்கு. தோளு செத்துப்போச்சு."