பின்படிக்கட்டுக் கதவு

“தீ வரல மேடம். திருடன்தான் வந்தான்.”

குடியிருப்புச் சங்கச் செயலாளர் இதைக் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. அதுதான் அதிகாரிக்கு இன்னும் உறைத்தது. செயலாளர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடிக்காரர். அந்தக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி முதல் பூனைச் சண்டை வரை எல்லாப் பஞ்சாயத்தும் அவரிடம்தான் போகும். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் குடித்தனக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் அதிகாரியின் மேல்தான்.

அவள் நகரத் தீயணைப்புத் துறையில் தடுப்புப் பிரிவின் தலைவி. எரிகிற தீயை அணைப்பது மற்றவர்கள் வேலை. தீ பிடிக்காமல் பார்ப்பதும், பிடித்தால் ஆட்கள் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. நிலையத்து ஆட்களுக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் கேலிக்குக் குறைவில்லை. “நாங்க தண்ணி அடிக்கிறவங்க, நீங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறவங்க” என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பள்ளி, சந்தை, தொழிற்சாலை, மாடி வீடு என்று காலையிலிருந்து கத்திவிட்டு வரும்போது சிரிப்பதற்குக்கூடத் தெம்பு இருக்காது.

இந்தக் கட்டடத்துக்கு அவள் வந்து போனதற்குக் கணக்கில்லை. பின்பக்கப் படிக்கட்டின் அடியில் ஓர் இரும்புக் கம்பிக் கதவு இருந்தது. எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி செயலாளர் வீட்டில். முன்பக்கம் தீ பிடித்தால் நான்கு மாடி ஆட்களும் அந்தப் பூட்டுக்கு முன்னால்தான் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேறொரு கட்டடத்தில் அப்படி நின்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தீ அடங்கிய பிறகு உள்ளே போன முதல் ஆட்களில் அவளும் ஒருத்தி. ஓர் அப்பாவும் இரண்டு பெண்களும். அப்பாவின் கை கம்பியை விடவில்லை. சாவி மாடியில் ஒரு வீட்டுச் சுவரில், ஆணியில், கரிகூடப் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அவள் எங்கும் சொல்வதில்லை. இந்தக் கட்டடத்தில் மட்டும், மற்ற எல்லாப் பேச்சும் தோற்ற ஒரு மாலையில், வாய் தவறியதுபோலச் சொல்லிவிட்டாள். பிறகு முதல் மாடியில் தனியாகக் குடியிருக்கும் தையல்காரப் பெண் கையைத் தூக்கி, “கதவை எடுத்துடலாம்” என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். கடைசியில் செயலாளரும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். “திறந்து போட்டா எவனும் வருவானே மேடம்?” என்று அப்போதே கேட்டார். “உள்ளேயிருந்து தள்ளினா திறக்கும், வெளியேயிருந்து திறக்காது. அந்த மாதிரிக் கதவு வரும். நான் ஏற்பாடு பண்றேன்” என்றாள் அவள்.

கம்பிக் கதவு போனது. புதுக் கதவு வரவில்லை. மேலிடத்துக்கு அனுப்பிய கோரிக்கை எந்த மேசையில் தூங்கியதோ. இப்போது தையல்காரி மதியம் கடைக்குப் போன நேரம் பார்த்து எவனோ பின்படிக்கட்டு வழியாக ஏறி, அவளுடைய இரண்டு தையல் இயந்திரங்களையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“நாளன்னிக்கு வெல்டர் வர்றார். பழைய கதவையே வைக்கப் போறோம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார் செயலாளர்.

வைக்கக் கூடாது என்று உத்தரவு போட அவளுக்கு அதிகாரம் உண்டு. போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவள் ஜீப் தெருமுனை திரும்பும் வரைதான் வழி திறந்திருக்கும்.

“நாளைக்கு ஒரு நாள் பொறுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

முதல் மாடியில் தையல்காரியின் வீடு திறந்தே இருந்தது. இயந்திரங்கள் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஓரத்தில் வெட்டி முடித்து, தைக்க வழியில்லாத பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அவள் கையால் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

“உட்காருங்க மேடம். ஸ்டூல்தான் இருக்கு.”

அதிகாரி உட்கார்ந்து, சரிந்து கிடந்த ஒரு சீருடைத் துணியை எடுத்துக் குவியலில் வைத்தாள்.

“திட்டணும்னா திட்டும்மா” என்றாள் கடைசியில்.

“திட்டினா மிஷின் வந்துடுமா?” தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள். “உங்க மேல கோபம் இல்லாம இல்ல. நான்தான் மொதல்ல கை தூக்கினேன். இப்போ மாடிப்படியில பார்க்கிறவங்க எல்லாம், நல்லா கை தூக்கினேடின்னு சொல்லிட்டுப் போறாங்க. அதுதான் தாங்கல.”

“கதவு வரும்னு சொன்னது நான். உன் மேல தப்பில்ல.”

“எப்போ வரும்?”

தையல்காரி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதிகாரி தன் மேலதிகாரி அறையில் நின்றாள். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதராகவே எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார்.

“எது சரின்னு சொல்றதுதான்மா நம்ம வேலை. கதவு வாங்கித் தர்றது இல்ல. ஒரு வீட்டுக்குக் கொடுத்தா ஊரே கேட்கும்.”

“ஊரே கேட்கட்டும் சார். அதுக்குத்தானே நாம இருக்கோம்?”

“உடம்பைப் பார்த்துக்கோங்க. ரொம்ப அலையறீங்க” என்றார் அவர் பரிவோடு. அந்தப் பரிவுக்கு மேல் வாதாட முடியவில்லை.

வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வலித்தது. பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. நகரத்தில் பூட்டிய கதவுகள் எத்தனையோ. இதுவும் அதில் ஒன்றாகிவிட்டுப் போகட்டுமே. அப்படி நினைத்தபடியே அவள் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன்.

“ஏங்க, அந்தப் பழைய சினிமாக் கொட்டகையை இடிக்கிறாங்களே, அந்தப் பக்கம் போவீங்களா?”

“போவேன். ஏன், படம் பார்க்கணுமா?”

“கதவு பார்க்கணும்.”

அந்தக் கொட்டகையை அவள் ஆண்டுதோறும் சோதித்திருக்கிறாள். பக்கவாட்டு வழிகளில் எல்லாம் குறுக்குக் கம்பி வைத்த இரும்புக் கதவுகள். கூட்டம் நெருக்கினால் உடம்பு பட்டாலே திறந்துகொள்ளும். வெளியே பிடி கிடையாது. அவள் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சுவர் சரிந்து, வானம் தெரிந்தது. கதவுகள் செங்கல் தூசியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இடிப்புக் குத்தகைக்காரர் அவளை அடையாளம் கண்டு, சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. பழைய இரும்பு விலைக்கு எடைபோட வைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டாள். கணவனும் ஓர் ஆளும் கதவைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

“கல்யாணம் ஆன நாளா வாயைத் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல. இப்போ கேட்டதும் ஒரு கதவு” என்றான் கணவன், முதுகைப் பிடித்துக்கொண்டு.

“வாங்கிக் கொடுத்துட்டீங்கல்ல, சந்தோஷமா இருங்க.”

“நகைன்னா எடை இவ்வளவு இருக்காதுடி.”

வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தூங்கவில்லை. வேன் குலுங்கும்போதெல்லாம் பின்னால் கதவு முனகியது.

சொன்னபடி வெல்டர் வந்தார். கொட்டகைக் கதவு படிக்கட்டு வழியைவிட அகலம். செயலாளர் அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “பொருந்தாது மேடம். வீண் வேலை.” வெல்டர் அளந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஓரத்தை வெட்டி நிலையை மாற்றிவிடலாம் என்றார். தீப்பொறி பறந்தபோது அதிகாரி பழக்கதோஷத்தில் பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காலால் தள்ளிவிட்டு, ஒரு வாளி தண்ணீரோடு நின்றாள். இதற்கும் ஒரு வாளியா என்பதுபோலப் பார்த்துக்கொண்டே குடித்தனக்காரர்கள் சிலர் வந்து நின்றார்கள்.

கதவு நின்றதும் செயலாளர் வெளியே போனார். இழுத்தார், உலுக்கினார், தோளால் இடித்தும் பார்த்தார். அசையவில்லை. “திறங்கப்பா” என்றார் வெளியேயிருந்து. உள்ளே இருந்த தையல்காரி கைகள் நிறையச் சீருடைகளோடு நின்றாள். பக்கத்துத் தெருத் தோழியின் இயந்திரத்தில் தைப்பதற்குப் போகிற வழி. அவள் இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு விரியத் திறந்து செயலாளரின் மூக்குக்கு அருகில் போய் நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். “பரவாயில்ல, பிரேக் மாதிரிப் பிடிக்குது” என்றார். தையல்காரி சிரிக்கவில்லை, துணியை அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அவளுடைய இயந்திரங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. குடித்தனக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அதிகாரி பிறகு கேள்விப்பட்டாள். மாடிப்படியில் பேசியவர்கள்தான் முதலில் கொடுத்தார்களாம்.

சில வாரங்கள் கழித்து, அந்தப் பக்கமாக வேறு வேலைக்குப் போனபோது அவள் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேலேயிருந்து தையல்காரி இறங்கி வந்தாள். செங்கல்லைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள்.

“காத்து வரலையாம் மேடம். புழுங்குதாம். நானும் தினம் எடுத்துப் போடறேன். தினம் யாரோ வைக்கிறாங்க.”

“யாருன்னு தெரியுமா?”

“தெரியும். சொன்னா சண்டை வரும்.”

தையல்காரி குனியப் போனாள். “இரு” என்று சொல்லி அதிகாரியே எழுந்து செங்கல்லை உருவினாள். கதவு தடாலென்று சாத்திக்கொண்டது. படிக்கட்டு இருட்டாகி, உண்மையிலேயே புழுங்கத்தான் செய்தது. மேலே ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தால் காற்று வரும். அதற்கு யாரைக் கேட்பது, எத்தனை முறை கேட்பது என்று அவள் மனம் அதன்பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

“நாளைக்கும் வைப்பாங்க மேடம்.”

“வைப்பாங்க.”

“நான் எடுத்துடறேன். நீங்க இதுக்காக அலைய வேணாம்.”

அதிகாரி அவள் தோளை ஒருமுறை தொட்டாள். பிறகு செங்கல்லை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொரு படியாக மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஜன்னல் பேச்சைத் தொடங்கச் செயலாளர் வீட்டு மணியை அழுத்திவிட்டு, மூச்சு வாங்க நின்றாள்.

உள்ளே மின்விசிறியின் சத்தமும், “யாருன்னு பாரு” என்ற குரலும் கேட்டன.