கடைசி ஏழு நிமிஷம்

எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும். இதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, எங்க வீட்டுக்காரரைக் கேட்டா உட்கார வச்சு ஒரு மணி நேரம் சொல்லுவார். ஆனா கடவுள் என் குரல்ல மட்டும் ஏதோ விளையாடிட்டான். லிஃப்ட் கம்பெனியில புகார் ஃபோன் எடுக்கற வேலை எனக்கு. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, குடியே முழுகின மாதிரி கத்துவாங்க. "சரிங்க, ஆள் கிளம்பியாச்சு, அப்படியே சுவர்ல சாஞ்சு உட்காருங்க"ன்னு நான் ரெண்டு வார்த்தை சொன்னா போதும், அந்தப் பக்கம் கொட்டாவி கேக்கும். மெக்கானிக் போய் கதவைத் திறந்தப்போ ஒருத்தர் உள்ள குறட்டை விட்டுக்கிட்டிருந்தாராம். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் பேசறேன். அது ஒருத்தருக்கும் தெரியறதில்ல.

இந்தக் குரலைக் கண்டுபிடிச்சவ என் நாத்தனார். வீட்டுக்காரரோட தங்கச்சி. மெத்தை கம்பெனி குடோனை அவதான் பார்த்துக்கறா. எதுக்கெடுத்தாலும் கட்டம் போட்டு, கலர் அடிச்சு, இந்தத் தேதி இந்த வேலைன்னு எழுதுவா. அதனால அவளுக்கு நான் வச்ச பேரு அட்டவணை. புருஷன்கூட ஒத்துவராம தனியா வந்த வருஷம் அவளுக்குத் தூக்கமே போயிடுச்சு. ஒரு நாள் மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். ஆளுங்க எல்லாம் சாப்பிடப் போயிருந்தாங்க. அவ ஒரு மெத்தை மேல படுத்து, கூரையையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. கண்ணு ரெண்டும் சிவந்திருந்தது.

"அண்ணி, எதையாச்சும் பேசுங்களேன். சும்மா."

சும்மா பேசுன்னா என்னத்தைப் பேசறது? வாயில வந்தது என் வீடு.

என் வீடுன்னா நாங்க குடியிருக்கற ரெண்டு ரூம் இல்ல. எனக்குள்ள ஒரு வீடு இருக்கு. சின்ன வயசுல ஏழு பேர் ஒரே ரூம்ல காலை மடக்கிக்கிட்டுப் படுப்போம், அப்போ ஆரம்பிச்சது. கண்ணை மூடினா நீளமா ஒரு வராந்தா, ரெண்டு பக்கமும் கதவு. ஏதாவது ஒரு கதவைத் திறப்பேன். உள்ள என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது. ஒண்ணுல முழங்கால் அளவு தண்ணி, அதுல மர நாற்காலிங்க மெதுவா மிதந்து வந்து ஒண்ணை ஒண்ணு தொட்டுட்டு விலகிப் போகும். இன்னொண்ணுல சுவரே கிடையாது, எல்லாம் ஜன்னல். ஒரு ஜன்னல்ல விடியும், பக்கத்து ஜன்னல்ல மழை வரப்போகும். ஒரு ரூம்ல யாரோ மடிச்சு வச்ச துணி கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், தொட்டா இன்னும் இஸ்திரிச் சூடு ஆறியிருக்காது. பஸ்ல, டாக்டர் ரூம் வாசல்ல, மாமியார் பேச ஆரம்பிச்சா அங்கேயே நின்னபடி, எப்ப வேணும்னாலும் உள்ள போயிட்டு வந்துடுவேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. கட்டின புருஷன்கிட்டகூட.

ரெண்டாவது ரூமுக்கு நான் போறதுக்குள்ள அட்டவணை தூங்கிப்போயிட்டா. வாயைத் திறந்துக்கிட்டு, குழந்தை மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்படித்தான் ஆரம்பிச்சது எங்க பாட்காஸ்ட். பேரு 'கண்ணசரு'. வாரம் ஒண்ணு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரம். குடோன்ல மெத்தைங்களை ஆள் உயரத்துக்கு மேல அடுக்கியிருப்பாங்க, நடுவுல ஒரு சந்து. அதுல ரெண்டு ஸ்டூல், ஒரு மைக். வெளியில லாரி உறுமினாலும் அங்க பஞ்சு மாதிரி ஒரு அமைதி. கூரையில ஒரு கண்ணாடி ஓடு இருக்கு, அதுலேருந்து வெளிச்சம் இறங்கி பிளாஸ்டிக் கவர் மேல தளும்பும். நான் கண்ணை மூடிக்கிட்டு, "கதவைத் திறக்கறேன்"னு ஆரம்பிப்பேன். ஒரு எபிசோடுக்கு ஒரு ரூம். இருபத்துமூணு நிமிஷத்துல ரூம் முடியும். அப்புறம் மைக்கை அணைக்க மறந்துட்டு நாங்க பேசிக்கிட்டிருப்போம், அதையெல்லாம் அவ ராத்திரி வீட்டுல உட்கார்ந்து வெட்டிடுவா. முதல் வருஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாரா வாரம் அந்த மத்தியானம் எப்ப வரும்னு இருப்பேன்.

ரெண்டாவது வருஷம் எட்டாயிரம் பேர் கேட்டாங்க. அட்டவணை ஒரு பெரிய சார்ட் போட்டு மெத்தைக் கவர் மேலயே டேப் வச்சு ஒட்டினா. வாரம் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. "எட்டாயிரம் பேர் உங்களை நம்பித்தான் கண்ணை மூடறாங்க அண்ணி"ம்பா. கேக்கறவங்க எழுதுவாங்க: கடல் தெரியற ரூம் சொல்லுங்க, பூனை இருக்கற ரூம் சொல்லுங்க, குளிர்ச்சியா ஒண்ணு சொல்லுங்க. நான் என்ன ரூம் காட்டற புரோக்கரா? ஆனாலும் சொன்னேன். கடல் வச்சேன், பூனை வச்சேன்.

ஒரு நாள் கண்ணை மூடினேன், வராந்தா இருந்தது, கதவு இல்ல. வெறும் சுவர். சரி, இன்னிக்கு உடம்பு அசதின்னு நினைச்சுக்கிட்டு, ஆபீஸ்ல கிடந்த ஒரு ஹோட்டல் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் படிச்சுட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான். அப்புறம் அதுவே பழக்கமாச்சு. முப்பது முப்பத்தஞ்சு எபிசோட் கடனேன்னு படிச்சுத் தள்ளினேன். மத்தியானம் வருதுன்னாலே கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். அதுகூடப் பரவாயில்ல. ஒரு நாள் பஸ்ல நின்னுக்கிட்டு, எனக்காக, சும்மா, கண்ணை மூடினேன். வராந்தாவும் இல்ல. இருட்டுகூட இல்ல, கண்ணு மூடினா இமைதான் தெரிஞ்சது. ஐயோன்னு இருந்தது. ஏழு பேர் நடுவுல படுத்துக்கிட்டு நான் கட்டின வீடு அது. யாரும் எனக்குக் கொடுக்கல, யாரும் பறிக்கவும் முடியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நானே எட்டாயிரம் பேருக்குத் திறந்து விட்டுத் தொலைச்சுட்டேன்.

அட்டவணைகிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவ சார்ட்டுல அடுத்த மாசத்துக்குக் கலர் அடிச்சுக்கிட்டிருப்பா. மென்னு முழுங்கிட்டு மைக் முன்னாடி உட்காருவேன்.

இப்படி இருக்கறப்போதான் அந்தக் கடிதம் வந்தது. பாட்காஸ்ட்டுக்கு வர்ற கடிதத்தை நான் ஆபீஸ்ல, ஃபோன் அடிக்காத நேரத்துல படிப்பேன். எழுதினவர் ஒரு இஸ்திரிக்காரர்.

"அம்மா, வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ஓடினீங்களே, பஸ் கிடைச்சுதா? நான் தூங்கறதுக்காக உங்களைக் கேக்கல. பகல்ல சட்டை தேய்ச்சுக்கிட்டே கேக்கறேன். ஆரம்பத்துல சொக்கிப்போய் ரெண்டு சட்டையைக் கருக்கிட்டேன், இப்போ பழகிடுச்சு. கடைசியில நீங்க உங்க மேனேஜரைத் திட்டற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாமியாரைப் பத்திச் சொன்னதும் கேட்டேன், மனசைத் தளர விடாதீங்க. ஒண்ணு கேக்கலாமா? முன்னாடி எல்லாம் 'கதவைத் திறக்கறேன்'னு சொல்லுவீங்க. இப்போ மூணு மாசமா 'கதவு திறந்திருக்கிறது'ன்னு சொல்றீங்க. நீங்க உள்ள போறீங்களா, இல்ல வெளிய நின்னுக்கிட்டே சொல்றீங்களா?"

பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். எந்த பஸ்ஸு? எந்த மேனேஜர்? ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு எங்க எபிசோட் ஒண்ணைப் போட்டு நேரா கடைசிக்குத் தள்ளினேன். இருபத்துமூணு நிமிஷம் வரைக்கும் தேன் மாதிரி என் குரல். அப்புறம் அதே தேன் குரல்ல, "எழுந்திருடி, பஸ் போயிடும், அந்தத் தடியன் இன்னிக்கும் வாசல்ல நின்னு மணி பார்ப்பான்." ஏழு நிமிஷம். தும்மல், ஸ்டூல் இழுக்கற சத்தம், நான் மாமியாரைப் பத்தி அவங்க பொண்ணுகிட்டயே சொன்ன அத்தனையும். இன்னொரு எபிசோடைத் தள்ளிப் பார்த்தேன். அதுலயும். எல்லாத்துலயும்.

அன்னிக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு, நேரா குடோனுக்குப் போனேன்.

"ஏண்டி, நீ எடிட் பண்றியா இல்ல எருமை மேய்க்கறியா?"

அட்டவணை அசடு வழிஞ்சா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "ஒவ்வொரு எபிசோடையும் ஆரம்பத்துலேருந்து ஒழுங்காத்தான் வெட்டிக்கிட்டு வருவேன் அண்ணி. மூச்சு, இருமல், எல்லாம். இருபது நிமிஷம் வர்றதுக்குள்ள தூங்கிடறேன். எழுந்தா விடிஞ்சிருக்கும். முடிச்சுட்டேன்னு நினைச்சு ஏத்திடுவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமாத்தான்."

"எட்டாயிரம் பேர்!"

"அவங்களும் தூங்கியிருப்பாங்கல்ல? ஒருத்தர்கூட எதுவும் சொல்லலையே. அம்மாகூட தினம் கேக்கறாங்க. ரொம்ப நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க?"

மாமியார் முகம் ஞாபகம் வந்தது. என்னை மீறிச் சிரிப்பு வந்துடுச்சு. அவளும் சிரிச்சா, மெத்தை மேல விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் கடிதத்தை அவ கையில கொடுத்தேன். கடைசி வரியை அவ ரெண்டு தடவை படிச்சா.

"வெளிய நின்னுதான் சொல்றேன்டி. கதவெல்லாம் போச்சு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் போச்சு. இனிமே என்னால முடியாது."

அவ ஏதாவது கட்டம் போட்டு வழி சொல்லுவான்னு நினைச்சேன். அவ முகம் சின்னதாயிடுச்சு.

"அப்போ நான் எப்படி அண்ணி தூங்கறது?"

"பழசு இருக்கே, நூத்துக்கும் மேல."

"பழசுல அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுடுது. மனசு முழிச்சுக்குது. புதுசா இருந்தாத்தான்..." நகத்தால பிளாஸ்டிக் கவரைச் சுரண்டினா. "அதுக்குத்தான் வாரம் மூணு ஆக்கினேன். மூணு நாளாவது தூங்கலாமேன்னு."

எட்டாயிரம் பேர் எட்டாயிரம் பேர்னு இத்தனை நாளா சொன்னது ஒரே ஒரு ஆளைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அவ மேலயா, என் மேலயான்னும் தெரியல. பக்கத்துல உட்கார்ந்து அவ விரலைப் பிடிச்சுக்கிட்டேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் என்ன உன்னைக் கடிச்சுத் தின்னுடவா போறேன்?"

"உங்களுக்குப் பிடிச்சுத்தான் செய்யறீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

பிடிச்சுத்தான் செஞ்சேன். அதை எப்படி அவளுக்குப் புரிய வைக்கறது? எழுந்துபோய் அந்த சார்ட்டை ஒரே இழுப்புல கிழிச்சேன். டேப்போட மெத்தைக் கவரும் கொஞ்சம் கிழிஞ்சது, அதுக்கு அவ 'ஐயோ'ன்னா. இனிமே ரூம் இருந்தா எபிசோட், இல்லாட்டி இல்ல, ஒரு மாசம் ஆனாலும் சரி, மூணு மாசம் ஆனாலும் சரின்னு சொன்னேன். கடல், பூனை எல்லாம் கிடையாது. அந்தக் கடைசி ஏழு நிமிஷத்தை வெட்ட வேண்டாம், மாமியார் சமாச்சாரத்தை மட்டும் வெட்டுன்னேன். அவ தலையாட்டினா. எழுதி வச்சுக்கப் பேனாவைத் தேடினா, நான் முறைச்சதும் விட்டுட்டா.

"இப்போ மைக்கை அணைச்சுட்டுப் படு."

"ரெக்கார்ட் பண்ணலையா?"

"படுன்னா படு."

படுத்தா. நானும் அவ பக்கத்துல, கவர் பிரிக்காத ஒரு மெத்தையில சாஞ்சுக்கிட்டேன். கூரையிலேருந்து வெளிச்சம் மெதுவா நகர்ந்துக்கிட்டிருந்தது. கண்ணை மூடினேன். ஒண்ணும் வரல. மேனேஜர் வந்தான், ஹோட்டல் புத்தகத்துல இருந்த திரைச்சீலை வந்தது, இஸ்திரிக்காரர் கையெழுத்து வந்தது. பேசணும்னு வாய் துடிச்சது. பேசினா வந்துடும்னு இல்ல, பேசினா வரலைங்கறது தெரியாது, அவ்வளவுதான். வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்.

"அண்ணி, இன்னிக்கு ரூம் இல்லையா?"

"சும்மா இரு. தேடிக்கிட்டிருக்கேன்."

எவ்வளவு நேரம் போச்சோ. எங்கேயோ ஒரு குளிர்ச்சி வந்தது, கல் தரையில வெறுங்காலை வச்ச மாதிரி. கால் நடக்குது. சுவரைத் தடவிக்கிட்டே போறேன், சொரசொரப்பு, சொரசொரப்பு, அப்புறம் விரல் வழுக்கிட்டு ஒரு மர விளிம்புல நின்னுச்சு. கைப்பிடி என் கை அகலத்துக்குச் சரியா இருந்தது. பித்தளையா இரும்பான்னு பார்க்கல.

கதவைத் திறந்தேன்.

அப்படியே நின்னுட்டேன். கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போறது தெரிஞ்சது, துடைச்சுக்கல.

பக்கத்துல மெத்தை அசைஞ்சது. அட்டவணை ஒருக்களிச்சுப் படுத்து என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கான்னு கண்ணைத் திறக்காமலே தெரிஞ்சது.

"உள்ள போயிட்டீங்க, இல்ல? என்ன இருக்கு அண்ணி?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு மட்டும்..."

"உனக்கும் சொல்ல மாட்டேன்."

யாருக்கும் சொல்ல மாட்டேன். இதைக் கேக்கற உங்களுக்கும்தான். உள்ள போனேன், கதவைச் சாத்தி, தாழ் போட்டுக்கிட்டேன்.