அம்மா சண்டைக்குப் போகவில்லை

பட்டரவாக்கத்தில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் முதலில் கேட்பது ஹாரன் இல்லை, கன்னியம்மாளின் குரல்தான். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால், கைக்குழந்தைக்காரிக்கு எத்தனை என்பதையெல்லாம் அந்தத் தொண்டைதான் முடிவு செய்யும். லாரி டிரைவர்கூட அவளைக் கேட்டுத்தான் குழாயைத் திறப்பான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் அந்தக் குரல் நின்றுபோனது. தெரு அதைக் கொண்டாடியது.

“ஒங்கம்மா இப்பத்தான் பொம்பளையா லட்சணமா கீறா,” என்று மகள் தாட்சாயிணியிடம் சொன்னாள் எதிர்வீட்டுக் கெங்கம்மாள், கன்னியம்மாளின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்தபடி. கன்னியம்மாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் தாட்சாயிணி. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிளார்க். அம்மாவின் பின்னாலேயே ஓடினாள்.

“ஏம்மா உட்டுக் குடுத்த?”

“தண்ணி புடிச்சி இன்னா பண்ணப்போறேன்?” கன்னியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். “காலைல கண்ணு தொறந்தா, ஐயோ, தொறந்துகிச்சேன்னு கீதுடி.”

தாட்சாயிணியோடு கல்லூரியில் படித்த ஒருத்தி இதே மாதிரி பேசிக் கிடந்து, டாக்டரைப் பார்த்துத் தேறினாள். இது அடக்கம் இல்லை. நோய்.

டாக்டரிடம் காட்டலாம் என்றதும் அப்பா முனியன் துள்ளினார். “கீழ்ப்பாக்கத்துக்கா? எம் பொண்டாட்டி இன்னா லூசா? தெருவுல நான் தலகாட்ட வேணாவா? திருவேற்காடு போய் வேப்பிலை அடிச்சா சரியாப்பூடும்.”

“அதெல்லாம் அடிச்சாச்சு நைனா. ஜொரம் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுற இல்ல? இதுவும் அதான். கீழ்ப்பாக்கம் இல்ல, சென்ட்ரல் பக்கத்துல பெரியாஸ்பத்திரி. நீ வராட்டி போ, நான் இட்டுகினு போறேன்.”

போனார்கள். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார்: மனச்சோர்வு. மாத்திரை எழுதினார். பிறகு, பேசுவதற்கென்றே இருந்த ஓர் ஆலோசகப் பெண்மணியிடம் அனுப்பினார். பச்சைத் திரை விழுந்தது. தாட்சாயிணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பேச வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அரைநாள் லீவு போச்சே என்று பல்லைக் கடித்தாள்.

அப்புறம் அம்மாவின் குரல் வந்தது. முதலில் முனகலாக. பிறகு அழுகையாக. பிறகு நிற்கவே இல்லை. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வந்த கன்னியம்மாளின் முகம் வீங்கியிருந்தது.

“இன்னாம்மா சொன்னாங்க?”

“ஒண்ணியும் சொல்லலடி. கேட்டுகினே இருந்திச்சு அந்தம்மா. நடுவுல ‘அப்புறம்?’னு கேக்கும். எங்கைல ஆரு அப்டி கேட்டுகீறாங்க?”

தாட்சாயிணிக்குத் தெரிந்த மருந்து என்றால் ஊசி, மாத்திரை, கசப்பு. ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டு இன்னொரு மனுஷி பேசுவதைக் கேட்பதும் மருந்தா? அதற்கு ஒரு படிப்பும் ஓர் அறையும் இருக்கிறதா இந்த உலகத்தில்? தெருவுக்கே நியாயம் சொன்ன தொண்டை. அதனிடம் உனக்கு என்ன என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. தானும் கேட்டதில்லை. ரயிலில் வழிநெடுக, முதல்முறை கடலைப் பார்ப்பவள்போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாராவாரம் போனார்கள். சோறு இறங்கிய வாரம் உண்டு. தலை வாராமல் சுவரைப் பார்த்துக் கிடந்த வாரமும் உண்டு. “இம்மாம் மாத்திரையா?” என்று முனியன் முணுமுணுத்தார். ஒருமுறை, யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷன்வரை பேசாமல் கூட நடந்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலை. தாட்சாயிணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். லாரி வந்து நின்றது. காலால் ஒரு குடம் தள்ளப்படும் சத்தம்.

“ஏய் கெங்கா! இன்னாடி, ஒங்கப்பன் ஊட்டு லாரியா? எட்றி கொடத்த! கைக்கொயந்தகாரி நிக்கிறா, கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?”

அம்மாவின் குரல் கம்மியிருந்தது, நடுவில் ஒரு தடவை உடைந்தது. ஆனாலும் அதேதான்.

“ஆரம்பிச்சிட்டாடா!” முனியன் தலையில் கைவைத்தார்.

“சும்மா கெட நைனா. கேளு.”

தாட்சாயிணிக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செருப்போடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா திட்டி முடிக்கும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.