தோளுக்கு மேல் வந்த கை

பூ வைத்துவிட்டதற்காகப் பாண்டிராஜை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மெமோவில் பூ என்ற சொல் இல்லை. நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் சக பெண் ஊழியரிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக இருந்தது. விசாரணை முடியும்வரை ஷோரூமுக்குள் வேலைக்கு வரக் கூடாது. குற்றம் உறுதியானால் வேலை போகும்.

ராஜபாளையம் சாலையில் இருக்கும் பைக் ஷோரூம் அது. பாண்டிராஜ் பி.காம். முடித்துவிட்டு அங்கே பதிவுப் பிரிவில் இருந்தான். விற்ற வண்டிகளின் காகிதங்களைச் சுமந்துகொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து நம்பர் வாங்கித் தருகிற வேலை. அவன் மனைவி சண்முகப்ரியா போன வருஷம் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். குழந்தை இல்லை. அதன் பிறகு அவனிடம் மிஞ்சியது இந்த வேலைதான். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். நேரத்துக்குப் போய் மெஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் லீவாகிவிடும் என்பது அந்தக் காரணம். வேலை போனால் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவன் பயந்தது அதற்குத்தான்.

விருந்தில் நடந்தது சின்ன விஷயம். தீபாவளி விற்பனை நன்றாக இருந்ததென்று முதலாளி ஒரு ஹோட்டல் மாடியில் ஏற்பாடு செய்திருந்தார். வாசலில் தாம்பாளத்தில் மல்லிகைச் சரம் வைத்து, வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு முழம் கொடுத்தார்கள். பெண்கள் முன்னால் இரண்டு வரிசை உட்கார்ந்தார்கள். பாண்டிராஜ் சுவரோரமாக நின்றான். மேடையில் பாட்டைப் போட்டு நாற்காலி சுற்றுகிற போட்டிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த கேஷியர் ஷாஹின் பானு எழுந்து ஓடினாள். அவள் நாற்காலி காலியானது.

கிளை மேனேஜர் ஜோஷ்வா வந்து அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"ஏன்வே, எந்நேரமும் ஒட்டடைக் கம்பு மாதிரி சொவத்துல சாஞ்சிக்கிட்டு. அங்கன போய் உக்காரும். கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன."

உட்கார்ந்தான். காதுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர். எதிரே, முதல் வரிசையில், விற்பனைப் பிரிவு விஜிதாவின் முதுகு. அவள் மேடையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். தட்டியபடியே மடியில் கிடந்த சரத்தை எடுத்தாள். திரும்பவில்லை. பூவும் ஹேர்பின்னும் சேர்த்துப் பிடித்த கை தோளுக்கு மேலாகப் பின்னால் வந்தது.

ப்ரியா தினமும் அப்படித்தான் நீட்டுவாள். ஒரு கை டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டிருக்கும். இன்னொரு கை தோளுக்கு மேலே பின்னால் வரும். பேச்சு கிடையாது. அவனும் பேசாமல் வாங்கி வைத்துவிடுவான். பிறகு இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள்.

பாண்டிராஜ் வாங்கினான். சரத்தை இரண்டாக மடித்துப் பின்னலின் மேல் வைத்தான். ஹேர்பின் தலையில் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு விரலைக் கொடுத்துச் சொருகினான். விஜிதா திரும்பினாள். அவனைப் பார்த்தாள். அவள் முகம் என்ன ஆனதென்று அவன் கவனிக்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். அவன் அதற்குப் பிறகு பிரியாணிகூடச் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் உறைத்தது. ஆணியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றான்.

சர்வீஸ் பிரிவில் யாரோ போட்டியை வீடியோ எடுக்க வந்து, கேமராவை வரிசைகளின் பக்கம் திருப்பியிருக்கிறான். அது வாட்ஸப்பில் சுற்றியது. விஜிதாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று சிவகிரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வீடியோ சிவகிரிக்கும் போனது. அங்கிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா பேசினார். அவன் தப்பாக நடந்திருந்தால் கம்பெனி அவனுக்குத் தண்டனை கொடுத்துக் காகிதம் தரட்டும், இல்லையென்றால் பெண் சம்மதித்துத்தான் நடந்தது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்றார். புகார் கொடுத்தது விஜிதா இல்லை. அவள் அப்பா தங்கப்பழம்.

மெமோ வாங்கப் போன அன்று ஒர்க்‌ஷாப் வழியாக வெளியே வந்தான். ஒரு மெக்கானிக் கிரீஸ் கையோடு தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினான்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு மொழம் வச்சுவிட்டுட்டுப் போங்க."

சிரித்தார்கள். பாண்டிராஜுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜோஷ்வா போன் செய்தார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார வைத்தது அவர்தானே. வீடியோ கை நீட்டியதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்றார். ஆனால் ஷாஹின் பானு மேடையில் இருந்து அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள், கேட்டால் சொல்லுவாள் என்றார்.

"ஒரே ஒரு வரி வே. அவ நீட்டுனா, நான் வாங்குனேன். அம்புட்டுத்தான். ஒரு எச்சரிக்கை குடுத்து உள்ள விட்டுருவாங்க."

சரி என்றான். அதுதான் உண்மையும்கூட. மறுநாள் சட்டையைத் தேய்த்து வைத்தான். ஒரு வருஷத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று தன் கைக்குள் இருப்பதாக நினைத்தான்.

அன்று சாயங்காலம் தங்கப்பழம் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியமாகப் பேச வந்திருந்தார். குரல்தான் இடம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

தண்ணீர் கொடுத்தான். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். சுவரில் இருந்த ப்ரியாவின் படத்தைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பாண்டிராஜைத் தான் தப்பாக நினைக்கவில்லை என்றார். நடந்தது என்னவென்று மகள் வீட்டில் சொல்லிவிட்டாள் என்றார். அவள் நீட்டினாள் என்று விசாரணையில் அவன் சொன்னால் சிவகிரிக்காரர்கள் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பானு எழுந்து மேடைக்குப் போனதைக் கவனிக்காமல், பின்னால் இருப்பது அவள்தான் என்று நினைத்து நீட்டினாள் என்பதை யார் நம்புவார்கள்?

"தம்பி, நீங்க ஆம்பள. இங்க இல்லன்னா ராஜபாளையத்துல ஒரு வேல. எம் மவளுக்கு அப்படி இல்லய்யா. அவ குடுக்கல, நானாத்தான் எடுத்து வச்சேன்னு மட்டும் சொல்லிருங்க. ஒங்க காலப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கேன்."

குனியப் போனார். பாண்டிராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பஞ்சுத் தூசி ஏறிய, சொரசொரத்த கை. இவ்வளவு நாளில் அவனிடம் ஒருவர் ஏதாவது வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அவன் தியாகம் எதையும் நினைக்கவில்லை. மறுக்கத் தெம்பு இல்லை. தலையை ஆட்டினான்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்தில் இருந்து ஹெச்.ஆர். மைதீன் பாட்சாவும் ஒரு பெண் வக்கீலும் வந்திருந்தார்கள். ஷோரூம் மாடியில் கண்ணாடி அறை. மைதீன் பாட்சா மெதுவாகப் பேசுகிறவர். முதலில் அவன் சாப்பிட்டானா என்று கேட்டார். பிறகு போனைத் திருப்பி வைத்து வீடியோவைக் காட்டினார்.

பாண்டிராஜ் அதை அதுவரை பார்த்ததில்லை. அனுப்பியவர்கள் யாரும் அவனுக்கு அனுப்பவில்லை. சரத்தை மடிக்கிறான். பின்னைச் சொருகுகிறான். அவனுக்கு நினைவு இருந்தது அதுவரைதான். வீடியோவில் அவன் அதற்கு மேலும் ஒன்று செய்தான். பூவின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை நீவிவிட்டுக் குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணாடியில் ஒரு வருஷமாக அவன் பார்க்காத முகம் அது. கல்யாணமான புதிதில் எடுத்த படங்களில் இருக்கிற முகம்.

"இன்னொரு தடவ காட்ட முடியுமா, சார்?" என்றான்.

வக்கீல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மைதீன் பாட்சா மறுபடி ஓட்டினார். பாண்டிராஜ் முன்னால் சாய்ந்து பார்த்தான். முடிந்ததும் நன்றி சொன்னான். வக்கீல் குறித்துக்கொண்டாள்.

பூவை அவள் கொடுத்தாளா என்று கேட்டார்கள்.

"இல்ல. அவங்க மடியில இருந்துச்சு. நானாத்தான் எடுத்து வச்சேன்."

மைதீன் பாட்சா யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றான். வெளியே உட்காரச் சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்தான். ஷாஹின் பானு உள்ளே போய் வந்தாள். அவனைத் தாண்டும்போது, கவலைப்படாதீங்க அண்ணே, பாத்ததச் சொல்லிட்டேன் என்று முணுமுணுத்துவிட்டுக் கீழே போனாள். அவள் சொன்னது தன் வார்த்தையைப் பொய்யாக்கிவிடும் என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு விஜிதா போனாள். வெகுநேரம் வரவில்லை.

அவனை மறுபடி கூப்பிட்டார்கள். விஜிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இல்லை, பொட்டு சின்னதாக இருந்தது.

மைதீன் பாட்சா தொண்டையைச் செருமினார். விஜிதா சொன்னதை அவனுக்குச் சொன்னார். பூவை நான்தான் நீட்டினேன், பானு என்று நினைத்தேன், அவர் மேல் தப்பு இல்லை. அப்பா கொடுத்த புகாரில் எனக்குச் சம்மதம் இல்லை, கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். பானுவும் கையைப் பார்த்ததாகச் சொல்கிறாள் என்றார்.

"அவங்க ஒங்களக் காப்பாத்துதாங்க. நீங்க அவங்களக் காப்பாத்துதீங்க. இதுல பொய் சொல்லுதது நீங்க. பொய் சொல்லி வேலய விடுத அளவுக்கு என்ன பாண்டிராஜ்?"

தங்கப்பழம் வந்ததைச் சொல்லலாம். சொன்னால், சாட்சியைக் கலைக்க வந்தார் என்று எழுதுவார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?" என்றாள் வக்கீல்.

விஜிதா அழுதாள். சத்தமில்லாத அழுகை. பாண்டிராஜ் அப்போதுதான் பேசினான்.

"அது அவங்கன்னு நான் நினைக்கல, மேடம்."

"பின்ன யாருன்னு நெனச்சீங்க?"

"என் வீட்டுக்காரின்னு."

அவர் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்று மைதீன் பாட்சா வக்கீலிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் அந்த அறையில் எல்லாரும் மனிதர்களாக இருந்தார்கள். பிறகு அவள் பேனாவை எடுத்தாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டாள். மேற்படி பெண் ஊழியரைத் தன் மனைவியாக எண்ணியே அவ்வாறு செய்ததாக ஒப்புக்கொண்டார் என்று இருந்தது.

வார்த்தைகள் எல்லாம் அவன் சொன்னவைதான். சரி என்றான். கையெழுத்துப் போட்டான்.

முடிவை அன்றே சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்; முதலாளிக்குப் பேச்சு வளர்வதில் விருப்பமில்லை. பாண்டிராஜுக்கு வேலை நீக்கம். விஜிதா தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்லது, கம்பெனி பெயரும் அவள் பெயரும் கெடாது என்றார்கள். ஜோஷ்வா படியேறி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அவள் அவனிடம் வந்தாள். வெயில் தகித்தது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒங்க அப்பா வந்து கேட்டாங்க."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்த துப்பட்டாவை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா," என்றாள். "எல்லாரும் எனக்காவ முடிவெடுத்தீய. எங்கிட்டதான் யாரும் கேக்கல. நீங்களும் உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேரு சொல்லுததும் ஒண்ணா இருந்திருக்கும். நாளைக்கி ரெண்டு பேரும் இங்கன வேலைக்கு வந்திருப்போம். இப்ப ஊரே என்ன சொல்லும்?"

மன்னிச்சிருங்க என்று சொல்ல நினைத்தான். அதைச் சொல்லக்கூட உள்ளே உயிர் இருக்க வேண்டும், தன்னிடம் அது இல்லை என்று தோன்றியது.

"வீட்டுக்குப் போய் அப்பாட்ட என்ன சொல்லுவேன்," என்றாள். அது அவனிடம் கேட்டது இல்லை.

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அவனுக்கும் அதே வழிதான். வண்டியை எடுத்தால் அவளைத் தாண்டிப் போக வேண்டும். உருட்டிக்கொண்டு போனால் அவள் பின்னால் போவது போல இருக்கும். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் போய் மறையட்டும் என்று நின்றான்.

வாட்ச்மேன் சண்முகையா குடையோடு வந்தார். வயசானவர், அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீய. காம்பவுண்டுக்குள்ள நிக்கப்படாதுன்னு மேல இருந்து சொல்லுதாவ."

பாண்டிராஜ் வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து சாலையோரம் நிறுத்தினான். வளைவே இல்லாத சாலை. அங்கிருந்து பார்த்தாலும் அவள் தெரிந்தாள்.