தண்ணீரோரத்துக்காரி

கிளாஃபிரா கடைசி வரிசைக்கு வந்த ஏழாவது குளிர்காலத்தில், பாலே மேடையின் பின்படுதாவில் வரைந்திருந்த ஏரி கசியத் தொடங்கியது. குழாய்க்காரர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயில் கோளாறில்லை, ஏரிதான் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூரை ஒழுகுவதற்கு இது மேல் என்று அரங்கில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

காமா ஆற்றங்கரையில் பாலே ஆடுகிறவர்கள் கடைசி வரிசையைத் 'தண்ணீரோரம்' என்பார்கள். படுதா ஏரியை ஒட்டி நிற்கும் வரிசை அது. அங்கே போய் நின்றவள் பெரும்பாலும் அங்கிருந்தே ஓய்வூதியத்துக்குப் போவாள். கிளாஃபிரா ஆற்றில் மரக்கட்டை ஓட்டுகிறவனின் மகள். தகப்பனின் அகன்ற தோள்கள் அவளுக்கு. முன்வரிசை கேட்டு அவள் ஒவ்வோர் ஆண்டும் இயக்குநர் எராஸ்ட் ல்வோவிச்சின் அறைக்குப் போவாள். "இந்தத் தோளை முன்னால நிறுத்தினா நாயகி ரிம்மாவைத் தேடணும். நீ தண்ணீரோரமே நில்லும்மா" என்று அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். அவள் திரும்பி வந்து, நனைந்த காலணியைப் பிழிந்து மாட்டிக்கொண்டு ஆடுவாள். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. அதில் ஊறிய பைன் மர வாசம் வந்தது. ஒரு வசந்தத்தில் மீனும் வந்தது. உணவகத்தில் சூப் வைத்தார்கள், உப்பு போதவில்லை.

பாலேக்காரிகளுக்கு நாற்பதுக்கு முன்பே வரும் ஓய்வூதிய வயது வந்ததும் எராஸ்ட் ல்வோவிச் பூங்கொத்தோடு வந்தார். அவசரத்தில் இரட்டைப்படையாக வாங்கியிருந்தார். கிளாஃபிரா எண்ணிப் பார்த்தாள்.

"இரட்டைப்படை செத்தவங்களுக்குத்தானே, எராஸ்ட் ல்வோவிச்? நான் இன்னும் சாகலையே." ஒரு பூவை உருவி அவர் சட்டைப்பையில் செருகினாள். "முன்னால ஒரு தடவை ஆடிட்டுத்தான் போவேன்."

"அடம்பிடிக்காதே. படுதாவுல கல்சுவர் வரையச் சொல்லிட்டேன். இனிமே தண்ணியும் இல்ல, உனக்கு இடமும் இல்ல."

அன்று மாலை அவள் யாரையும் கேட்காமல் உடை மாட்டிக்கொண்டு கல்சுவரருகே போய் நின்றாள். இரண்டாம் அங்கத்தில் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மேடை பார்வையாளர் பக்கமாகச் சரிவானது; இதுவரை தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த ஏரி இப்போது இல்லை. அதனால் தண்ணீர் நேரே முன்னோக்கி ஓடியது. நாயகி ரிம்மா வழுக்கி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "என்னால முடியாதுடி கிளாஃபிரா, நீயே ஆடித் தொலை!" என்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். வாத்தியக்காரர்கள் நிறுத்தவில்லை. ஈரத்தில் ஆடியே பழகிய கிளாஃபிரா தண்ணீரோடு நடந்து விளக்குகளின் விளிம்புக்கு வந்தாள்.

"பின்னால போ!" என்று பக்கத்திரை மறைவிலிருந்து எராஸ்ட் ல்வோவிச் பல்லைக் கடித்தார்.

அவள் சுழன்றபடியே சொன்னாள்: "தண்ணீரோரம் நிக்கச் சொன்னீங்க, நிக்கிறேன். தண்ணி இங்க வந்திடுச்சு, நான் என்ன செய்ய?"

முன்னிருக்கையில் ஒரு கொல்லன் சத்தமாகச் சிரித்தான். பிறகு அவன் கைதட்ட, அவனோடு வந்திருந்த பட்டறைக்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

அவள் அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு அதே இடத்தில் ஆடினாள். எராஸ்ட் ல்வோவிச் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். பாலே பள்ளியிலிருந்து வரும் பெண்கள் தண்ணீரோரம் வேண்டுமென்று ஒருவர் முடியை ஒருவர் பிடித்தார்கள். முதல் வரிசைக்குச் சீட்டு வாங்குகிறவர்களிடம் ரப்பர் பூட்ஸ் அளவு கேட்பது சீட்டு விற்கும் பெண்ணின் வேலையாயிற்று.