தண்ணீர் கட்டிய தளம்

காண்டிராக்டர் சண்முகசுந்தரத்துக்குச் சர்தார் கொடுக்க வேண்டியது நானூற்று முப்பத்தேழு ரூபாய். மகள் அமீனாவின் நிக்காஹுக்கு வாங்கியது முந்நூறு, மிச்சமெல்லாம் வட்டி. அடகு வைக்க நகை இல்லை என்றதும் காண்டிராக்டர் ரேஷன் கார்டை வாங்கித் தன் தோல் பையில் போட்டுக்கொண்டார். எழுபத்திரண்டாம் வருஷத்தில் கார்டு இல்லாதவனுக்கு அரிசி ஏது, மண்ணெண்ணெய் ஏது? காண்டிராக்டர் இரு என்ற இடத்தில் சர்தார் இருந்தான்.

அந்த இடம் லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு பழைய செங்கல் கட்டடம். விக்டோரியா ராணி காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் சாரட்டு வண்டி விற்பதற்காகக் கட்டியது. வண்டியோடு குதிரையும் நுழைய உயரமான வாசல் வளைவு. உள்ளே கப்பலில் வந்து இறங்கிய இரும்புத் தூண்கள், தலையில் இலை இலையாக வேலைப்பாடு. மாடி ஜன்னல்களுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. சாயங்கால வெயில் அதன் வழியாக விழும்போது பீடி சுற்றிக்கொண்டிருக்கும் சர்தாரின் பெண்டாட்டி ஜைதூன் பீயின் முக்காடு பச்சையாகும், கொஞ்ச நேரத்தில் சிவப்பாகும்.

"ஜெயிலுக்குக் கலர் கண்ணாடி போட்டாலும் ஜெயிலு ஜெயிலுதான்யா" என்பாள் புருஷனிடம்.

காவலுக்கு என்று சொல்லித்தான் மாடி அறையில் குடி வைத்தார் காண்டிராக்டர். காவல் கூலி வட்டிக்கே சரியாகப் போயிற்று. கட்டடத்துக்காரர் அதை ஒரு ஜவுளிக்கடைக்கு விற்கப் பார்த்தார்; இடிக்கிற வேலை காண்டிராக்டருக்கு. கீழே கடிகாரம் ரிப்பேர் செய்யும் சுப்பராமன் கோர்ட்டுக்குப் போய் இடிக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார். ஆனால் தளம் ஒழுகி, இது ஆபத்தான கட்டடம் என்று கார்ப்பரேஷன் இன்ஜினீயர் எழுதிவிட்டால் எந்தத் தடையும் நிற்காது.

புரட்டாசி கடைசியில் காண்டிராக்டர் ஒரு மூட்டை சுண்ணாம்போடு வந்தார்.

"லேய், மொட்டை மாடியில மழைத் தண்ணி போற தூம்பு எல்லாத்தையும் அடைச்சுரு. ஐப்பசி மழை பூரா மேலயே நிக்கட்டும். உத்தரம் ஊறி ஒரு ஓட்டை விழுந்தாப் போதும். அன்னைக்கே உன் கடன் தள்ளுபடி, கார்டும் உன் கையில."

"அதுக்குக் கீய நாங்கதானே மொதலாளி படுக்கறோம்?"

"பாத்துப் படுலே."

மாட்டேன் என்றால் கார்டு வராது. சரி என்றால் தளம் தலையில். சர்தார் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான்.

படிக்கட்டில் சுப்பராமன் எதிரே வந்தார். "என்ன ஓய், சுண்ணாம்பு ஏறறது? ரிப்பேரா? அந்தப் பிரகஸ்பதிக்குப் புத்தி வந்துடுத்தா?"

"ஆமா ஐயரே" என்று தேக்குக் கைப்பிடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினான்.

தளக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தளத்தில் தண்ணீர் கட்டுவதற்கு முன்னால் விரிசல் பார்ப்பான். சாப்பிட உட்காருமுன் கை கழுவுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. சுண்ணாம்புத் தளம் போடுவதும், மரக்கட்டையால் அடிப்பதும், அது இறுகத் தண்ணீர் கட்டுவதுமாகவே சர்தாரின் தலை நரைத்திருந்தது. அன்றைக்கும் குனிந்தபடி விரிசல்களைத் தேடிக்கொண்டே போனான். கொத்தி, கழுவி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தான். அடுத்த நாளும் அதே வேலை. தூம்பின் ஞாபகமே வரவில்லை.

"டீக்கு வச்ச வெல்லம் இன்னாத்துக்குயா மாடிக்குப் போச்சு?" ஜைதூன் பீ கேட்டாள்.

"சுண்ணாம்புல போட."

"தூம்பு அடைக்கவா வெல்லம்?"

"இல்லே, விரிசலுக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடியிலிருந்த பீடி இலை சிதறிற்று. "ஒயுகணும்னு அனுப்புனா, ஒயுகாம கட்டிட்டு வந்துகீறியே! அல்லாவே!" சிரித்து ஓய்ந்தபின் மெல்லக் கேட்டாள். "அப்போ கார்டு?"

அவன் உளியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினான். சுண்ணாம்பு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, ஆணியால் கீறினாலே வந்துவிடும். அறைக்கு நேர் மேலே, தங்கள் பாய் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து உளியை வைத்தான். கீழே சுப்பராமனிடம் ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மணி அடித்தன. கடைசிக் கடிகாரம் அடித்து ஓயும்வரை உளி அசையவில்லை. பிறகு எழுந்து, சொன்னபடி தூம்புகளை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இறங்கினான்.

சுண்ணாம்பு இறுகிய பிறகுதான் மழை வந்தது. வந்தது, நிற்கவில்லை. தளத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. அத்தனை பாரத்துக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்தார்கள். மரம் முனகும்போதெல்லாம் ஜைதூன் பீ அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே போகலாம் என்றால் போக்கிடம் இல்லை. விழுந்தால் சாவு, விழாவிட்டால் கடன்.

ஒரு சொட்டு இறங்கவில்லை.

காண்டிராக்டர் இன்ஜினீயரைக் குடையில் அழைத்து வந்தார். இன்ஜினீயர் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார், சுவரைத் தடவினார். கை உலர்ந்தே இருந்தது. பிறகு மாடியேறிப் பார்த்து, ஏரி மாதிரி கிடந்த தண்ணீருக்கு முன்னால் நின்றார்.

"தூம்பை யாருய்யா அடைச்சது?"

காண்டிராக்டர் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நான்தான் சார்" என்றான் சர்தார். "விரிசலுக்குச் சுண்ணாம்பு வச்சேன். வச்சா தண்ணீ கட்டணும், இல்லாங்காட்டி வெடிச்சிடும்."

"யார் சொல்லி?"

சர்தார் காண்டிராக்டரின் குடையைப் பார்த்தான். இன்ஜினீயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கே திறந்து விடு. கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை. வேணும்னே ஊறவெச்சதுன்னு தெரிஞ்சா போலீசுக்கு எழுதிடுவேன்." கீழே போய்ச் சுப்பராமன் கடையில் காபிக்கு உட்கார்ந்தார்.

மாடி அறைக்கு இறங்கியதும் காண்டிராக்டர் சர்தாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நாசமாப் போறவனே! ஒழுக வைக்கச் சொன்னா..."

"சட்டைய வுடுங்க மொதலாளி" என்றாள் ஜைதூன் பீ வாசற்படியிலிருந்து. மேலே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "இன்ஜினீயரு இன்னும் கீயதான் கீறாரு. யார் சொல்லின்னு கேட்டாரு, இவரு பேசல. எனக்கு வாய் கொஞ்சம் பெருசு."

"எவ்வளவுட்டி கேக்க?"

"ஒரு பைசா வாணாம். குடுக்க வேண்டியத குடுக்க மாட்டோம், அவ்ளோதான்."

காண்டிராக்டர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். கீழே காபி டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. தோல் பையைத் திறந்து, குடைத் தண்ணீர் சொட்டிய தரையில் கார்டை எறிந்தார். "நானூத்தி முப்பத்தேழையும் தண்ணியில போட்டதா நினைச்சுக்கிடுதேன். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரும் காலி பண்ணணும்."

அவர் போனதும் சர்தார் மேலே ஏறி ஒவ்வொரு தூம்பாகச் செங்கல்லைத் தட்டினான். தண்ணீர் சாலையில் தொபுதொபுவென்று விழ, பஸ்ஸுக்கு நின்றவர்கள் "எவன்டா அவன் மேல?" என்று கத்தினார்கள். அவன் இறங்கி வரும்போது ஜைதூன் பீ கார்டை முந்தானையால் ஒற்றி ஒற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

"வெல்லம் வாங்கணும்யா" என்றாள். "கடன் சொல்லாத, காசு குட்த்து வாங்கு."